மேற்கோள் குறியின் எல்லை: நிரல்மொழிகளும் தமிழ்ச் சரங்களும்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி மருத்துவத் துணிக்கும் பேண்டேஜுக்கும் பெயர் பெற்ற ஊர். பேண்டேஜின் அகலத்தை 4", 6" என்று அங்குலக் குறியிட்டு எழுதுவது வணிகத்தில் வழக்கம். அந்தச் சரக்குப் பட்டியலைக் கணினியில் ஏற்ற ஒருவர் சிறு நிரல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொருளின் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் "6" பேண்டேஜ்" என்று இடுகிறார். நிரல் ஓடாது. கணினியின் பார்வையில் 6 என்ற எழுத்தோடு பெயர் முடிந்துவிட்டது. மீதியுள்ள ‘பேண்டேஜ்’ அதற்குப் புரியாத கட்டளையாகிவிடுகிறது. அங்குலத்தைக் காட்டவும் பெயரின் முடிவைக் காட்டவும் விசைப்பலகையில் ஒரே குறிதான் இருக்கிறது. அந்த இடத்தில் அது எந்த வேலையைச் செய்கிறது என்று கணினிக்குத் தெரிய வழியில்லை.

சிறிய பிழைதான். ஆனால் இதற்குப் பின்னால் இருக்கும் கேள்வி நிரல்மொழிகள் பிறந்த காலத்திலிருந்து இன்றுவரை தொடர்கிறது. நிரல் என்பது கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பு. அதற்குள் கட்டளையாகக் கொள்ளக்கூடாத, அப்படியே வைத்துக்கொள்ள வேண்டிய எழுத்துத் தொடர்களும் வருகின்றன. அவற்றைச் சரம் என்கிறோம். கட்டளை, சரம் இரண்டுமே ஒரே எழுத்துகளால் எழுதப்படுகின்றன. அப்படியானால் கட்டளை எங்கே நிற்கிறது, சரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எப்படிக் காட்டுவது? எழுபது ஆண்டுகளாக நிரலர்கள் தந்த விடைகளையும், தமிழில் எழுதும்போது அவை என்னவாகின்றன என்பதையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

குறியில்லாக் காலம்

எழுத்துலகுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாளின் திருப்பாவையில் 30 பாசுரங்கள் உள்ளன. அவற்றுள் 15-வது பாசுரம் முழுக்க உரையாடல். வெளியே நிற்கும் தோழியரும் உள்ளே இருப்பவளும் மாறி மாறிப் பேசுகிறார்கள். ஓலைச்சுவடியில் மேற்கோள் குறி கிடையாது. யார் பேச்சு எங்கே முடிகிறது என்பதை விளிச்சொல்லையும் வினைமுற்றையும் கொண்டு படிப்பவரே பிரித்தறிய வேண்டும். அப்படிப் பிரித்துக் காட்டுவது உரையாசிரியர் பணிகளுள் ஒன்று. பொதுவாகவே தமிழில் பிறர் பேச்சை ‘என்று’, ‘என’ ஆகிய சொற்கள் முடித்துவைக்கின்றன. முடிவுக்கு அடையாளம் உண்டு, தொடக்கத்துக்கு இல்லை. மனிதருக்கு அது போதும், ஏனென்றால் நாம் பொருளறிந்து படிக்கிறோம். பொருளறியாத கணினிக்கு இரு எல்லைகளையும் ஐயமின்றிச் சொல்லியாக வேண்டும்.

எண்ணிச் சொல்லும் முறை

முதல் விடை எண்ணிக்கை. 1957-இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் சரத்துக்கு மேற்கோள் குறி இல்லை. சரத்தில் எத்தனை எழுத்து என்ற எண்ணை முதலில் எழுதி, அதை அடுத்து ஹெச் என்ற ஆங்கில எழுத்தை இட்டு, பிறகு அத்தனை எழுத்துகளை எழுத வேண்டும். துளை அட்டைப் பொறியின் தந்தை ஹெர்மன் ஹாலரித் பெயரால் இதை ஹாலரித் மாறிலி என்றனர். இம்முறையில் சரத்துக்குள் எந்தக் குறி வந்தாலும் சிக்கலில்லை. அங்குலக் குறியும் மற்றொரு எழுத்து, அவ்வளவுதான். ஆனால் எண்ணுவது மனிதரின் வேலையாக இருந்தது. ஒன்று தவறினாலும் கடைசி எழுத்து கட்டளையாகும், அல்லது அடுத்த கட்டளையின் முதல் எழுத்து சரத்துக்குள் போகும். ஃபோர்ட்ரான் 77 மொழித்தரம் ஒற்றை மேற்கோளுக்கு மாறியது இயல்பே.

எழுத்தை எண்ணி நூலை அளக்கும் வழக்கம் நமக்கும் உண்டு. வைணவ உரையாசிரியர் பெரியவாச்சான் பிள்ளை திருப்பாவைக்கு எழுதிய உரையை மூவாயிரப்படி என்பர். ஒற்றுகளை விட்டு எண்ணினால் 32 எழுத்து கொண்டது ஒரு படி. எதை எழுத்தாகக் கொள்வது என்பதை முதலில் வரையறுத்துவிட்டு எண்ணியதுதான் இந்த முறையின் கூர்மை. கணினித் தமிழில் பலமுறை தவறுவது அந்த வரையறைதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். இலக்கணப்படி ஸ், ரீ, வி, ல், லி, பு, த், தூ, ர் என 9 எழுத்து. ஒற்று நீக்கினால் 5. மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிக்கோடு முறையில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடுகள். எனவே அங்கே 18. அவற்றை யூடிஎஃப்-8 முறையில் பைட்களாகச் சேமித்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 54. ராஜபாளையத்துக்கு இந்தக் கணக்கு 6 எழுத்து, 10 குறியீடு, 30 பைட். பைத்தான் நிரல்மொழியிடம் இந்தப் பெயர்களின் நீளத்தைக் கேட்டால் 18 என்றும் 10 என்றும் சொல்லும். தமிழாசிரியர் 9 என்றும் 6 என்றும் சொல்வார். இருவர் சொல்வதும் சரி. எண்ணுவது எதை என்பதுதான் வேறு.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. எண்ணிச் சொல்லும் முறை இன்றும் இணையத்தின் அடித்தளத்தில் வாழ்கிறது. வலைச் சேவையகம் ஒரு பக்கத்தை அனுப்பும்போது உள்ளடக்கத்தின் நீளத்தை முன்கூட்டியே அறிவிக்க முடியும். அந்த நீளம் பைட் கணக்கில் இருக்க வேண்டும். நிரலர் சரத்தின் நீளத்தை அப்படியே அறிவித்துவிட்டால், ஆங்கிலப் பக்கம் முழுதாகச் செல்லும். தமிழ்ப் பக்கம் இடையிலேயே வெட்டுப்படும். ஆங்கிலத்தில் எழுத்தும் பைட்டும் ஒன்றாகவே இருப்பதால் சோதனையில் அந்தப் பிழை வெளிப்படாது.

இருபுறமும் குறியிடும் முறை

இரண்டாவது விடை எல்லைக் குறி. ஆல்கால் 60 மொழியின் அறிக்கை தொடக்கத்துக்கு ஒரு குறி, முடிவுக்கு வேறொரு குறி என்று வகுத்தது. திறப்பும் மூடலும் வெவ்வேறு வடிவம் என்பதால் ஒரு மேற்கோளுக்குள் இன்னொன்றை ஐயமின்றி அடக்கலாம். கொள்கையளவில் அழகான ஏற்பாடு. ஆனால் அன்றைய துளை அட்டைப் பொறிகளிலும் தட்டச்சுப் பொறிகளிலும் அந்தக் குறிகள் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் கைக்குக் கிடைத்த குறியைப் பயன்படுத்திக்கொண்டது.

எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் வகுத்து 1963-இல் வெளிவந்த ஆஸ்கி தரம் இந்தப் போக்கை உறுதியாக்கியது. அதில் இரட்டை மேற்கோளுக்கு 34, ஒற்றைக்கு 39. இரண்டும் நிமிர்ந்த வடிவம். திறப்பும் மூடலும் ஒரே குறி. 1967 திருத்தத்தில் 96-ஆம் இடத்தில் சாய்ந்த ஒற்றைக்குறி சேர்ந்தது. அச்சகங்கள் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திவந்த வளைந்த இணைக்குறிகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இன்று நிரல் எழுதும் எவரும் தட்டும் மேற்கோள் இந்த முடிவிலிருந்து வந்தது. திறப்பையும் மூடலையும் வடிவத்தால் பிரிக்க முடியாமல் போனதால், சரத்துக்குள் அதே குறி வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒவ்வொரு மொழியும் தனி விதி வகுக்க வேண்டியதாயிற்று.

குறியே உள்ளே வந்தால்

அந்த விதிகளை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

முதலாவது, இரட்டிப்பது. சரத்துக்குள் மேற்கோள் வந்தால் அதை இருமுறை எழுதுவது. பாஸ்கல் மொழியும் தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லும் ஒற்றை மேற்கோளை இப்படிக் கையாளுகின்றன. கட்டங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்புக்கான 2005-ஆம் ஆண்டு விவரிப்பு இரட்டை மேற்கோளுக்கு இதே விதியைச் சொல்கிறது. எனவே நம் சரக்குப் பட்டியல் சிஎஸ்வி கோப்பில் "6"" பேண்டேஜ்" என்று நிற்க வேண்டும். முகவரிக்கும் இந்த மேற்கோள் அவசியம். ‘12, வடக்கு ரத வீதி, ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்பதை மேற்கோளின்றி எழுதினால் காற்புள்ளிகளில் உடைந்து மூன்று கட்டங்களாகச் சிதறும்.

இரண்டாவது, விடுபடு குறி. 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழி இதைப் பரப்பியது. பின்சாய்வுக்கோட்டுக்கு அடுத்து வரும் குறி தன் வழக்கமான பொருளை இழக்கிறது. "6\" பேண்டேஜ்" என்றால் நடுவிலுள்ள மேற்கோள் சரத்தின் பகுதி. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் இதையே பின்பற்றுகின்றன. இதன் விலை, பின்சாய்வு என்ற இன்னொரு குறியும் சிறப்புப் பொருள் பெற்றுவிடுவது. விண்டோஸில் கோப்புறைகளைப் பிரிக்கும் குறியும் பின்சாய்வே. ஆகவே கோப்பின் பாதையை அப்படியே ஒட்டும் மாணவருக்கு, ‘என்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் கோப்புறையின் பெயர் புதுவரியாக மாறுகிறது, ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இடைவெளித் தாவலாக மாறுகிறது. பின்சாய்வையே காட்ட வேண்டுமானால் அதையும் இரட்டிக்க வேண்டும். ஒரு சரம் இரண்டு மூன்று மொழிகளைக் கடந்து போகும்போது பின்சாய்வுகள் இரண்டு, நான்கு, எட்டு என்று பெருகும்.

மூன்றாவது, எல்லைக் குறியையே மாற்றிக்கொள்வது. பைத்தான் ஒற்றை, இரட்டை, மும்மடங்கு என எந்த மேற்கோளையும் ஏற்கிறது. '6" பேண்டேஜ்' என்று ஒற்றைக்குள் இட்டால் வேலை முடிந்தது. பெர்ல் மொழியில் எல்லைக் குறியை நிரலரே தேர்ந்தெடுக்கலாம். லூவா இரட்டைச் சதுர அடைப்புக்குள் வேண்டிய அளவு சமக்குறிகளை இட்டு எல்லை அமைக்க விடுகிறது. சி++ மொழியின் 2011 தரம், போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் டாலர் மேற்கோள், ரஸ்ட், 2019-இல் வந்த சுவிஃப்ட் 5, 2022-இல் வந்த சி ஷார்ப் 11 ஆகிய அனைத்தும் இதே வழியில் நடக்கின்றன. இவற்றின் பொதுத் தத்துவம் ஒன்று: உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு, அதில் இல்லாத ஒன்றை எல்லையாகத் தேர்ந்தெடு.

இந்த வரலாற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். எல்லைக் குறியை முன்கூட்டியே நிலையாக வைத்தால், உள்ளடக்கத்தை மாற்றாமல் அப்படியே இட முடியாத நிலை ஏதோ ஓரிடத்தில் வந்தே தீரும். இரட்டிப்பும் விடுபடு குறியும் உள்ளடக்கத்தை மாற்றுகின்றன. மாற்றியதை மறுபக்கத்தில் சரியாகத் திருப்ப வேண்டும். எண்ணிக்கையும், தேர்ந்தெடுத்த எல்லையும் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. ஆனால் அவை உள்ளடக்கத்தை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். முற்றிலும் இலவசமான வழி கிடையாது.

மேற்கோளுக்குள் தமிழ்

நீண்ட காலம் நிரலில் தமிழுக்குக் கிடைத்த இடம் இரண்டே: மேற்கோளுக்குள்ளும் குறிப்புரைக்குள்ளும். 2008-இல் பைத்தான் 3.0 வந்த பிறகு மாறியின் பெயரையும் தமிழில் வைக்கலாம். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘முடி’ எனக் கட்டளைச் சொற்களும் தமிழே. இது பெரிய முன்னேற்றம். கூடவே, மேற்கோள் குறியின் பொறுப்பையும் இது கூட்டியது. முன்பு தமிழெழுத்து என்றாலே சரம் அல்லது குறிப்புரை என்று கண் அறிந்துகொள்ளும். இன்று மேற்கோளின்றி ராஜபாளையம் என்று எழுதினால் பைத்தான் அதை ஒரு மாறியின் பெயராகவே எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு மாறி இல்லை என்று முறையிடும்.

தட்டச்சிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில், ஆங்கில ஒற்றை மேற்கோளின் விசை இருக்குமிடத்தில் ‘ய’ உள்ளது. தமிழ்ச் சரம் ஒன்றை ஒற்றை மேற்கோளுக்குள் எழுத விரும்பும் மாணவர் ஆங்கிலத்துக்கு மாறிக் குறியிட்டு, தமிழுக்கு வந்து சொல்லை எழுதி, மீண்டும் ஆங்கிலத்துக்கு மாறிக் குறியை மூடுகிறார். மாற மறந்தால் மேற்கோளுக்குப் பதில் ய விழும்.

அடுத்தது வளைந்த மேற்கோள். சொற்செயலிகள் நிமிர்ந்த மேற்கோளைத் தாமாகவே வளைத்துவிடுகின்றன. வளைந்த இரட்டை மேற்கோளின் யூனிக்கோடு எண்கள் 8220, 8221. நிரல்மொழி எதிர்பார்ப்பது 34. அச்சில் அழகாகத் தெரியும் நிரலை மின்னூலிலிருந்து நகலெடுத்து ஒட்டினால், செல்லாத எழுத்துக்குறி என்று பைத்தான் முதல் வரியிலேயே நிறுத்திவிடும். இரண்டு வடிவங்களும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகத் தெரிவதால், தாம் என்ன தவறு செய்தோம் என்று புதிதாகக் கற்பவருக்குப் புரிவதேயில்லை.

இதைவிட நுட்பமானது ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற பெயர்களில் வரும் சிக்கல். ‘ஸ்ரீ’ என்ற கூட்டெழுத்தை யூனிக்கோட்டில் இரு வகையாக எழுதலாம். ஒன்று ஸ என்ற எழுத்தில் தொடங்குவது, அதன் எண் 3000. மற்றொன்று 2005-இல் யூனிக்கோடு 4.1 பதிப்பில் சேர்ந்த ஶ என்ற எழுத்தில் தொடங்குவது, அதன் எண் 2998. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். ஆனால் "ஸ்ரீவில்லிபுத்தூர்", "ஶ்ரீவில்லிபுத்தூர்" என்ற இரு சரங்களும் சமமா என்று கேட்டால் கணினி இல்லை என்றே சொல்லும். யூனிக்கோட்டின் வழக்கமான சீராக்கமும் இவ்விரண்டையும் ஒன்றாக்காது. ஊர்ப் பெயரைக் கொண்டு தேடும் ஒரு பட்டியலில் பாதிப் பேர் கிடைக்காமல் போக இது போதும். மேற்கோள் குறி சரத்தின் எல்லையைக் காக்கும். உள்ளே இருப்பது ஒன்றுதானா என்பதை உறுதிசெய்ய நிரலர் தனியாக ஒரு படி எழுதியாக வேண்டும்.

நிரல்களுக்கிடையே தரவைப் பரிமாற உதவும் ஜேசான் வடிவத்தில் தரவை எழுதும்போது இன்னொரு திகைப்பு வரும். பைத்தானின் ஜேசான் கருவி இயல்பாகத் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றையும் பின்சாய்வோடு தொடங்கும் ஆறு ஆங்கிலக் குறிகளாக மாற்றி எழுதுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் அங்கே 108 குறிகள். தரவு கெடவில்லை, திரும்பப் படித்தால் தமிழாகவே வரும். அந்த மாற்றத்தை நிறுத்த ஓர் அமைப்பு உண்டு என்பதை அறியாதவர், கணினி தமிழைச் சிதைத்துவிட்டது என்று நினைத்து ஆங்கிலத்துக்குத் திரும்புகிறார். அது நடக்கக்கூடாது.

ஒட்டுவதில் உள்ள ஆபத்து

இதுவரை பார்த்தவை நிரலர் தாமே எழுதும் சரங்கள். வேறொருவர் தரும் சரத்தை நிரல் பெற்றுக் கட்டளைக்குள் ஒட்டும்போது மேற்கோள் குறி பாதுகாப்புக் கேள்வியாகிறது. தூத்துக்குடிக் கடற்கரையில் டி'குரூஸ் என்பது சாதாரணக் குடும்பப் பெயர். படிவத்தில் அப்பெயரை ஒருவர் நிரப்ப, நிரல் அதை எஸ்க்யூஎல் கட்டளைக்குள் பெயர் = 'டி'குரூஸ்' என்று ஒட்டுகிறது. டி என்பதோடு சரம் முடிகிறது. ‘குரூஸ்’ கட்டளையாகப் பார்க்கப்பட்டுப் பிழை வருகிறது. நேர்மையான பெயருக்குப் பிழை வரும் அதே இடத்தில், தீய எண்ணமுள்ளவர் மேற்கோளை மூடித் தன் சொந்தக் கட்டளையை எழுதிவிட முடியும். இதை எஸ்க்யூஎல் ஊடுருவல் என்கிறோம். 1998-இல் ஜெஃப் ஃபாரிஸ்டல் ஃபிராக் என்ற இணைய இதழில் இதை விளக்கி எழுதினார். பதினேழு ஆண்டு கழித்து, 2015-இல், பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்து 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் இதே வழியில் திருடப்பட்டன. அடுத்த ஆண்டு அந்நிறுவனத்துக்கு 4 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

மேற்கோள்களை இரட்டித்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. எஸ்க்யூஎல் தரம் பின்சாய்வுக்குச் சிறப்புப் பொருள் தருவதில்லை. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் இயல்பாகவே தருகிறது. ஒரு தரவுத்தளத்துக்குப் பாதுகாப்பான விதி இன்னொன்றில் ஓட்டையாகிறது. இன்னும் மோசமாக, பல இணையப் படிவங்கள் பெயரில் மேற்கோள் வந்தால் ஏற்க மறுக்கின்றன. தன் பெயரைத் தவறின்றி எழுதியவரைத் தவறானவர் என்று சொல்லும் தீர்வு தீர்வாகாது.

சரியான விடை, சரத்தைக் கட்டளைக்குள் ஒட்டாமலே இருப்பது. கட்டளையில் பெயருக்குரிய இடத்தில் ஒரு கேள்விக்குறியை மட்டும் இட்டு, பெயரைத் தனியாக அனுப்பும் வசதி பைத்தானின் எஸ்க்யூலைட் நூலகத்தில் உண்டு. கட்டளை ஒரு வழியிலும் தரவு இன்னொரு வழியிலும் செல்வதால் எல்லைக் குறியே தேவைப்படுவதில்லை. சரத்துக்குள் மேற்கோள், பின்சாய்வு, அங்குலக் குறி எது இருந்தாலும் அது எழுத்தாகவே இருக்கும். எழுபது ஆண்டு அனுபவத்தில் நாம் கண்டடைந்த தலைசிறந்த தீர்வு என்று இதையே நான் கருதுகிறேன்.

வகுப்பறை செய்ய வேண்டியது

தமிழ்நாட்டின் புதிய பாடத்திட்டத்தில் 2018-19 முதல் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++, 2019-20 முதல் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் இடம்பெற்றன. பன்னிரண்டாம் வகுப்பு நூலில் சரங்களுக்கு ஒரு பாடம், எஸ்க்யூஎல்லுக்கு ஒன்று, சிஎஸ்வி கோப்புக்கு ஒன்று, பைத்தான் வழியே தரவுத்தளத்தைக் கையாள ஒன்று எனத் தனித்தனிப் பாடங்கள் உள்ளன. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ தமிழ் வழியில் படிக்கும் மாணவர் இந்த நான்கையும் படித்துத்தான் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்துக்கோ ராஜபாளையம் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரிக்கோ போகிறார். நான்கு பாடங்களிலும் வருவது ஒரே கேள்வி என்று அவரிடம் சொல்லிவிட்டால், மனப்பாடம் செய்யும் விதிகள் பாதியாகக் குறையும். மேற்கோள் ஏன் இரட்டிக்கிறது, பின்சாய்வு ஏன் மறைகிறது, கேள்விக்குறி ஏன் நிற்கிறது என்பதெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றாக விளங்கும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. நிரல்களை அச்சிடும்போது மேற்கோள்கள் நிமிர்ந்த வடிவிலேயே இருக்க வேண்டும். சரங்களைக் கற்பிக்கும்போது ஆங்கில எடுத்துக்காட்டோடு நிறுத்தாமல், மாணவர் தம் ஊர்ப் பெயரின் நீளத்தை எழுத்து, குறியீடு, பைட் என மூன்று வகையிலும் எண்ணிப் பார்க்க வேண்டும். தரவுத்தளப் பாடத்தின் முதல் நாளிலேயே கேள்விக்குறி முறையைச் சொல்லித்தர வேண்டும். ஒட்டும் முறையை முதலில் பழக்கிவிட்டுப் பிறகு அது ஆபத்து என்று சொன்னால், பழகிய கை மாறாது. ஆங்கிலச் சரங்களில் மட்டும் பயின்றவர் எழுத்தும் பைட்டும் ஒன்று என்றே நம்பி வெளியேறுகிறார். தமிழ்ச் சரங்களில் பயின்றவருக்கு அந்த மயக்கம் தொடக்கத்திலேயே தெளிந்துவிடும். உலகின் எந்த மொழிக்கும் பிழையின்றி நிரல் எழுதத் தேவையான அறிவு அது. தமிழ் வழி மாணவருக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைப் பாடமாக்குவதுதான் நம் பொறுப்பு.